சேதி சொல்லப் போகிறவர்கள் இரண்டு பேர்

1

போன மாதம் ஒரு வியாழக்கிழமை எனக்குப் பதக்கம் கொடுத்தார்கள். எங்கும் ஓடி ஜெயித்ததற்கு இல்லை. பாரிசுக்கு வடக்கே நாங்கள் குடியிருக்கிற புறநகரில், ஒரு குழந்தைகள் ஆஸ்பத்திரியில் இருபத்தைந்து வருஷம் தள்ளுவண்டி தள்ளியதற்கு. பிள்ளையை வார்டிலிருந்து எக்ஸ்ரேவுக்கு, அங்கிருந்து ஆபரேஷன் தியேட்டருக்கு, திரும்ப வார்டுக்கு. தள்ளின தூரத்தையெல்லாம் சேர்த்தால் எங்க ஊர் மரக்காணத்துக்கு நடந்தே போய்ச் சேர்ந்திருக்கலாம் என்று என் வீட்டுக்காரி சொல்கிறாள். போகாமல் இருந்ததற்கு அவளும் ஒரு காரணம் என்று அந்த நேரத்தில் நான் ஞாபகப்படுத்தவில்லை.

எங்கள் பகுதித் தலைமை நர்ஸ் மதாம் லெரூ ஒரு காகிதத்தைப் பார்த்து வாழ்த்துரை வாசித்தார். கோதண்டம் என்கிற என் பெயர் இருபத்தைந்து வருஷமாக இவர்கள் யார் வாயிலும் முழுசாக நுழைந்ததில்லை. பதக்கத்தின் பின்னால் பொறித்திருப்பது என்னைவிட மூன்று எழுத்து குறைவான யாரோ ஒருவருடைய பெயர். அவருக்கும் என் வாழ்த்துகள். கேக் வெட்டினோம். கத்தி உள்ளே இறங்குகிற நேரத்தில் கதவைத் திறந்துகொண்டு மரியாமா வந்தாள், கையில் ஒரு சாவியோடு.

மரியாமா எங்கள் வார்டில் உதவியாளர். இருபத்தாறு வயது. பெற்றோர் மாலி நாட்டிலிருந்து வந்தவர்கள். இவள் பிறந்தது இங்கேயே, பேருந்து நிலையத்துக்குப் பின்னால். வாய் ஓயாத பெண். என்னைத் 'தோந்தோன்' என்பாள். அவர்கள் பக்கம் மாமா, சித்தப்பா எல்லாருக்கும் அது ஒன்றுதான் சொல். நாங்கள் பேசிக்கொள்வது பிரெஞ்சு. ஆனால் அவள் பேச்சை எங்க ஊர்ப் பேச்சில்தான் எழுதப் போகிறேன். என் காதில் அப்படித்தான் விழுகிறது, என்ன செய்ய.

அதற்கு ஒன்பது நாள் முன்னால், ஒரு காலையில், ஆறு வயதுப் பெண் பிள்ளைக்கு அவள் தலை பின்னிக்கொண்டிருந்தாள். ஒரு பக்கம் பின்னி ரிப்பன் கட்டியாயிற்று. மறுபக்கத்து முடியைக் கையில் எடுக்கும்போது பிள்ளை போய்விட்டது. நோய் அப்படி, யார் மேலும் குற்றமில்லை. டாக்டர்கள் ஓடி வந்து செய்ய வேண்டியதையெல்லாம் செய்தார்கள். மரியாமா சீப்பும் கையுமாக நின்றதைப் பார்த்தவர்கள் உண்டு. அன்றைக்கு வீட்டுக்குப் போனவள்தான். இப்போது அலமாரிச் சாவியைத் திருப்பிக் கொடுக்க வந்திருக்கிறாள்.

அவளுடையது மூன்று மாத ஒப்பந்தம். திங்கட்கிழமை வேலைக்கு வந்தால் நீட்டிப்பார்கள். வராவிட்டால் வேறு ஆள். எத்தனையோ பிள்ளைகளைச் சிரிக்க வைத்துச் சோறு ஊட்டியவள், இனிமேல் அந்த வார்டு வாசலை மிதிக்கவே முடியாது என்று முடிவு கட்டிவிட்டு வந்திருந்தாள்.

2

ஆஸ்பத்திரி ஒன்றும் செய்யவில்லை என்று சொன்னால் பாவம். காகிதம் கொடுத்தார்கள். இந்த நாட்டில் காகிதத்துக்குக் குறைவில்லை. அதில் ஒரு தொலைபேசி எண். தூக்கம் வரவில்லையென்றால் ஒன்றை அழுத்தவும், வேலைக்கு வரப் பயமாக இருந்தால் இரண்டை அழுத்தவும். மரியாமா இரண்டையும் அழுத்திப் பார்த்தாளாம். பியானோ வாசித்தார்களாம். மனநல ஆலோசகர் ஒருவர் இருக்கிறார், தங்கமான மனிதர்; நாலு மாடிக்கும் அவர் ஒருத்தர்தான். மூன்று வாரம் கழித்து ஒரு புதன்கிழமை பதினொன்று இருபதுக்கு நேரம் கொடுத்திருந்தார். அதுவரை துக்கத்தை மடியில் முடிந்துகொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

மதாம் லெரூ சாவியை வாங்கவில்லை. சாவியைத் திருப்பிக் கொடுக்க ஒரு படிவம் இருக்கிறதாம், அது திங்கட்கிழமைதான் கிடைக்குமாம். என்ன பெண்மணியடா இவர் என்று எனக்கு எரிச்சல் வந்தது. மரியாமா சாவியோடு திரும்பினாள். நான் பின்னாலேயே போய், வீட்டுக்கு எப்படிப் போகப்போகிறாய் என்று கேட்டேன். பஸ்ஸில் என்றாள். நடந்து போகலாம், நானும் வருகிறேன் என்றேன்.

"அஞ்சு கிலோமீட்டர் இருக்குது தோந்தோன்."

"இருக்கட்டும். தனியாப் போகக் கூடாது."

"ஒம்போது நாளா தனியாத்தானே கிடக்கிறேன்."

"அதான் தப்பு. வா."

என் வேலை முடிய இன்னும் இரண்டு மணி நேரம் இருப்பதை மதாம் லெரூ எடுத்துச் சொன்னார். இன்றைக்குத்தான் எனக்குப் பதக்கம் கொடுத்திருக்கிறீர்களே என்றேன். பதக்கக்காரனுக்கு என்ன விதி என்று அவர் யோசிப்பதற்குள் லிஃப்டுக் கதவு மூடிக்கொண்டது.

கால்வாய்க் கரை வந்தபிறகு அவளே கேட்டாள், எதற்காக இந்த நடை என்று. நான் எழுபத்தைந்தாம் வருஷத்துக்குப் போக வேண்டியதாயிற்று. எழுபத்தாறாகவும் இருக்கலாம்.

3

அப்போது மரக்காணம் தபாலாபீசில் தந்தி கொண்டுபோய்க் கொடுக்கிற வேலை எனக்கு. காக்கிச் சட்டை, சிவப்பு சைக்கிள், எட்டாம் வகுப்புப் படிப்பு. எங்க அப்பா உப்பளத்துக் கூலி. பாத்தியில் விளைந்த உப்பை வெள்ளை வெயிலில் வாரிப் போட்டே கண் பூத்துப் போனவர். எங்கள் வம்சத்திலேயே நிழலில் உத்தியோகம் பார்க்கிற முதல் ஆள் நான் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். எந்த நிழல் என்று நான் கேட்டதில்லை. நாளெல்லாம் மணல் காற்றில் சைக்கிள் மிதிக்கிற வேலை.

தந்தியைப் பார்த்திராத பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். அவசரச் செய்தி கம்பி வழியாக வந்து, ஒரு துண்டுக் காகிதத்தில் ஆங்கிலத்தில் ஏறும். எங்கள் கடற்கரையில் தந்தி என்றால் சாவு. நல்ல சேதிக்குத் தந்தியடிக்க எங்கள் ஆட்களுக்கு மனசு வந்ததில்லை. கொடுத்துவிட்டுக் கையெழுத்து வாங்கினால் என் வேலை முடிந்தது என்பது சட்டம். ஆனால் குப்பத்தில் அதை யார் படிப்பது? "நீயே படிச்சிச் சொல்லிட்டுப் போப்பா" என்பார்கள். ஆக, அந்தக் கடற்கரையில் பாதி சாவு என் வாயால் நடந்தது.

என் ஆங்கிலம் மொத்தமே நாலு வார்த்தை. எக்ஸ்பயர்ட், சீரியஸ், ஸ்டார்ட், இம்மீடியட்லி. பல வருஷம் கழித்து இங்கே குடியுரிமை ஆபீசில், உங்கள் அட்டை 'எக்ஸ்பிரே' ஆகிவிட்டது என்று அந்த அம்மாள் சொன்னதும் நான் எழுந்து நின்று கை கூப்பினேன். என் மகள் என்னை உட்கார வைத்தாள்.

தெருவில் நான் நுழைந்தால் பெண்கள் தாலியைத் தொட்டுப் பார்த்துக்கொள்வார்கள். டீக்கடையில் நான் உட்கார்ந்தால் பெஞ்சு மொத்தமும் எனக்கே. எனக்கும் வயசு இருபத்தொன்று. முதலில் இதெல்லாம் ஒரு கெத்தாகத்தான் இருந்தது.

பிறகு ஒருநாள் அனுமந்தைக்கு ஒரு தந்தி. முனுசாமி என்கிறவர், கடலுக்குப் போகிறவர், மணலில் உட்கார்ந்து வலையைப் பிரித்துக்கொண்டிருந்தார். மேற்குக் கரைப் பக்கம் படகில் வேலைக்குப் போன அவருடைய மகன் இறந்துவிட்டான். படித்துச் சொன்னேன். அவர் அழவில்லை. "இன்னொரு தபா படிப்பா" என்றார். படித்தேன். பேரைச் சரியாகப் பார்க்கச் சொன்னார். பார்த்தேன். வெளிச்சத்தில் வைத்துப் படிக்கச் சொன்னார். நடு வெயிலில் நின்றுகொண்டிருந்த நான், காகிதத்தைச் சூரியனுக்கு நேராகத் தூக்கிப் பிடித்துப் படித்தேன். பதினோரு தடவை. ஒவ்வொரு தடவையும் அதில் வேறு ஏதாவது இருக்கும் என்று என் முகத்தையே பார்த்தார். கடைசியில் ரொம்ப மெதுவாகச் சொன்னார்:

"உனக்குப் படிக்கத் தெரியலடா. தெரிஞ்ச ஆளா வரச் சொல்லு."

4

இந்த இடத்தில் என் மகள் கைபேசியில் கூப்பிட்டாள். பதக்க விழா எப்படி இருந்தது என்று பிரெஞ்சில் கேட்டாள். நான் தமிழில் சொன்னேன். எங்கள் வீட்டில் இருபது வருஷமாக இப்படித்தான், அவரவர் பக்கம் அவரவர் மொழி. கூட வேலை செய்கிற பெண்ணை வீடு வரைக்கும் நடத்திக்கொண்டு போகிறேன் என்றதும் அவளுக்குக் குரல் மாறிவிட்டது. அந்தப் பெண் சம்மதித்தாளா, யாராவது பார்த்தார்களா, இங்கே இதற்கெல்லாம் கேஸ் போடுவார்கள் தெரியுமா என்றாள். நான் போனை மரியாமாவிடம் கொடுத்தேன். அவள் கேட்டுவிட்டு, "உங்கப்பா ஒரு செத்த சேதியப் பதினோரு தபா படிச்சிட்டாரு. அப்பால இன்னாச்சின்னு தெரிஞ்சிக்கிறேன், அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிட்டாள்.

அப்பால இன்னாச்சு என்றால், எனக்கு நாக்கு நின்றுபோனது. மற்ற நேரம் நன்றாகப் பேசுவேன். தந்தியைக் கையில் பிரித்துவிட்டால் மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். சும்மா நிற்பேன். நான் நிற்பதைப் பார்த்தே அவர்கள் புரிந்துகொண்டு அழுவார்கள். சோறு இறங்கவில்லை. கண்ணை மூடினால் அந்த மணலும் காகிதமும். அப்பா என்னை வேப்பிலை அடிக்கிற பூசாரியிடம் கூட்டிப் போனார். என்ன வேலை செய்கிறாய் என்று கேட்ட பூசாரி, பதிலைக் கேட்டதும் இரண்டு அடி பின்னால் நகர்ந்து நின்று, எட்ட இருந்தே அடித்தார். இலை பாதி என் மேல் படவே இல்லை. போஸ்ட் மாஸ்டர் நல்ல மனிதர். அவர், "வேலைய வேலையாப் பாருப்பா. நீ ஒரு கம்பி மாதிரி. சேதி உன் வழியா ஓடிடணும், உள்ள நிக்கக் கூடாது" என்றார். கம்பி சோறு சாப்பிட வேண்டியதில்லை சார் என்றேன்.

ராஜினாமாக் கடிதம் எழுதி மேல்பையில் வைத்துக்கொண்டேன். கொடுக்க வேண்டியதுதான் பாக்கி. கொடுத்தால் அப்பாவின் நிழல் போகும், நான் அப்பாவின் வெயிலுக்குப் போக வேண்டும்.

அந்த வாரம் ஒரு வீட்டில் வாய் திறக்காமல் நின்றுவிட்டு வரும் வழியில், உப்பள வரப்பு மேல் சைக்கிளைச் சாய்த்து உட்கார்ந்தேன். எழுந்திருக்கத் தோன்றவில்லை. பாத்தியிலிருந்து கூடை கூடையாக உப்பைத் தலையில் சுமந்து மேட்டில் கொட்டுகிற பெண்கள் போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருந்தார்கள். அவர்களுக்கெல்லாம் மூத்தவள் அஞ்சலை. அப்போது நாற்பது வயசு இருக்கும். நாலு நடை என்னைக் கடந்து போனவள் ஐந்தாவது நடையில் நின்றாள்.

"ஏம்பா, பஞ்சரு சைக்கிளுக்கா, உனக்கா?"

சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கூடையை இறக்கவே இல்லை. தலையில் உப்பை வைத்துக்கொண்டே கேட்டாள். முடித்ததும் ஒரே ஒரு கேள்வி கேட்டாள். உன்கூட யார் போனது? யாருமில்லை, தனியாகத்தான் என்றேன். அப்போதுதான் கூடையை இறக்கினாள்.

"தனியாவா அனுப்புறாங்க? சாவு சேதி சொல்ல எங்கியாவது ஒத்த ஆளா போவாங்களா? ரெண்டு பேரு போவணும். ஒருத்தன் சேதியச் சொல்லுவான். இன்னொருத்தன், சொன்னவன இட்டுக்கினு வருவான். கவர்மெண்டுக்கு இது கூடத் தெரியல பாரு."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. எங்கள் பக்கம் செத்த வீட்டிலிருந்து சொந்தக்காரர்களுக்குச் சேதி சொல்லப் புறப்படுகிறவர்கள் எப்போதும் இரண்டு பேர்தான். சின்ன வயசிலிருந்து பார்த்தது. ஏன் இரண்டு என்று யோசித்ததே இல்லை. வழித்துணைக்கு என்று நினைத்திருந்தேன்.

5

அஞ்சலை ஆறு பெண்களைத் திரட்டிக்கொண்டு தபாலாபீசுக்கு வந்தாள். பதினாலு கால், முழங்கால் வரை உப்புப் பூத்த கால். போஸ்ட் மாஸ்டர் விதிப் புத்தகத்தை முன்னும் பின்னும் புரட்டிவிட்டு, இரண்டாவது ஆளுக்கு இதில் இடமே இல்லையம்மா என்றார்.

"கூடாதுன்னு போட்டிருக்குதா?"

"அப்படிப் போடல."

"அப்ப நாங்க வர்றோம்."

வந்தார்கள். தெற்கே இருக்கிற குப்பங்களுக்கு நான் உப்பள வழியாகத்தான் போக வேண்டும். சைக்கிளை நிறுத்தி மணி அடித்தால் ஒருத்தி கூடையை வைத்துவிட்டு வருவாள். அவள் பங்கு நடையை மற்றவர்கள் சுமந்துவிடுவார்கள். தூரத்து ஊர் என்றால் பாதி வழிக்கு எதிர்கொண்டு வந்து நிற்பார்கள். திரும்பும்போது சைக்கிளில் ஏறக் கூடாது, தள்ளிக்கொண்டுதான் வர வேண்டும். நடந்ததையெல்லாம் உப்பளம் வருவதற்குள் சொல்லி முடிக்க வேண்டும். இது அஞ்சலை போட்ட சட்டம்.

ஆறுதல் சொல்வார்கள் என்று நினைக்காதீர்கள். ஒருத்திக்கும் அந்தப் பழக்கமே கிடையாது. ஊர்க்கதை கேட்கிற மாதிரி கேட்பார்கள். அந்தப் பொம்பள இன்னா சொன்னா, மாமியாக்காரி அழுதாளா, நடிச்சாளா, மூத்த மருமவ எங்க இருந்தா? சரோஜா என்று ஒருத்தி, என் கதை சொல்லும் திறமையையே குறை சொல்வாள்.

"நீ அழுவுற எடத்துல நிறுத்திடறப்பா. அங்க நிறுத்தினா அது அங்கியே நிக்கும். அதுக்கு அப்பால ஒருத்தரு வந்திருப்பாரு, தண்ணி குடுத்திருப்பாரு, நாயி கொலச்சிருக்கும். அதையும் சொல்லு."

அதையும் சொன்னேன். நாலாவது தந்தியில் என் நாக்கு எழுந்து நின்றது. ராஜினாமாக் கடிதம் சட்டையோடு சேர்ந்து துவைபட்டுக் கூழானது.

ஒரே ஒரு கஷ்டம். ஒரு வருஷத்துக்குள் கடற்கரை முழுக்க ஒன்றைப் புரிந்துகொண்டது: தந்திக்காரனோடு ஒரு பொம்பளையும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தால் சாவு உறுதி. அந்த நேரம் பார்த்து எனக்குப் பெண் பார்க்க ஏற்பாடு. பக்கத்துக் குப்பம்தான். அம்மாவுக்கு முட்டி வலி. அஞ்சலையே கூட வந்தாள், நல்ல புடவை கட்டி, கையில் பூவும் பழமும். தெருமுனை மணலில் சைக்கிள் புதைந்தது. இறங்கித் தள்ளினோம்.

முதல் வீட்டில் ஒரு பெண் பார்த்தாள். "ஐயோ" என்றாள். அவ்வளவுதான். தெரு மொத்தமும் வாசலுக்கு வந்துவிட்டது. யாருக்கு என்று தெரியாததால் எல்லாருமே அழ ஆரம்பித்தார்கள். நாங்கள் நின்ற வீட்டுக்காரர், பெண்ணின் அப்பா, என் கையிலிருந்த ஜாதகக் காகிதத்தைப் பார்த்ததும் அப்படியே சரிந்தார். அஞ்சலை தண்ணீர் தெளித்துக்கொண்டே கத்துகிறாள், "சாவு இல்லீங்க, மாப்ள". ரெண்டும் ஒண்ணுதான் என்று உள்ளே இருந்து ஒரு குரல் வந்தது. அது கல்யாணப் பெண்ணாகத்தான் இருக்க வேண்டும்.

அதற்குப் பிறகு அந்தக் கடற்கரையில் எனக்கு யார் பெண் கொடுப்பார்கள்? என் முகம் தெரியாத ஊராகப் பார்த்துப் பெரிய முதலியார்சாவடிக்குப் போனோம். அங்கே கிடைத்த பெண்ணின் அப்பாவுக்குப் பிரெஞ்சுக் குடியுரிமை இருந்தது. எழுபத்தொன்பதில் விமானம் ஏறினேன். நான் எப்படிப் பிரான்சுக்கு வந்தேன் என்று யாராவது கேட்டால் நீளமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. காரணம் இதுதான்.

6

மரியாமா கால்வாய்க் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். போய்க்கொண்டிருந்த ஆட்கள் திரும்பிப் பார்த்தார்கள். சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, தண்ணீரைப் பார்த்தபடி சொன்னாள்:

"தோந்தோன், அந்த இன்னொரு பக்கத்தையும் நான் பின்னி முடிச்சேன்."

எனக்கு முதலில் புரியவில்லை.

"டாக்டருங்கள்லாம் போயிட்டாங்க. யாரும் தொடக் கூடாதுன்னு சொல்லியிருந்தாங்க. ஒரு பக்கம் அவுந்து கிடந்தது. அவங்கம்மா அப்படிப் பாக்கக் கூடாதுன்னு தோணிச்சி. பின்னி ரிப்பன் கட்டிட்டேன். தப்பு பண்ணிட்டேன், இல்ல?"

தப்பில்லையம்மா என்று சொல்ல வாயெடுத்தேன். அஞ்சலையின் சட்டம் ஞாபகம் வந்து அடக்கிக்கொண்டேன். "அப்பால?" என்றேன்.

அப்பால பிள்ளையின் அம்மா வந்திருக்கிறாள். பிள்ளையைப் பார்த்தாள். தலையைத் தொட்டாள். யார் பின்னிவிட்டது என்று கேட்டாள். மரியாமா பதில் சொல்லாமல் ஓடி வந்துவிட்டாள். ஒன்பது நாளாக அந்தக் கேள்வி அவள் பின்னாலேயே வந்துகொண்டிருக்கிறது. "அப்பால?" என்றேன். ஓடி வந்து பஸ்ஸுக்கு நின்றாளாம். பஸ் டிரைவர் டிக்கெட் கேட்கவில்லையாம். வீட்டில் அவளுடைய அம்மா மீன் குழம்பு வைத்திருந்தாளாம், இவள் சாப்பிடாமல் படுத்ததற்குத் திட்டினாளாம். "அப்பால? என்ன மீனு?" என்று கேட்டேன். என்ன மனுஷன் நீங்க தோந்தோன் என்றாள். ஆனால் மீன் பெயரைச் சொன்னாள்.

அவள் வீடு வருவதற்குள் எல்லாவற்றையும் இரண்டு தடவை சொல்லிவிட்டாள். இரண்டாம் தடவையில் பஸ் டிரைவருக்கு மீசை முளைத்திருந்தது.

7

திங்கட்கிழமை அவள் வரவில்லை. நான் மனசுக்குள் அஞ்சலையிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன். செவ்வாய்க்கிழமை காலை ஆறே முக்காலுக்கு உடை மாற்றும் அறையில் நின்றாள். ஒரு நாள் தாமதம் என்ன ஆகும் என்று நான் பயந்தேன். திங்கட்கிழமை முழுக்கக் கணினி பழுது, யாருடைய வருகையும் பதிவாகவில்லை என்று மதாம் லெரூ எழுதி அனுப்பியிருந்தார். அந்தக் கணினியில் திங்கட்கிழமை அவர் வேலை செய்துகொண்டிருந்ததை நான் என் கண்ணால் பார்த்தேன்.

புதன்கிழமை பதினொன்று இருபது வந்தபோது ஆலோசகரிடமும் போனாள். ஒரு மணி நேரம் அவரும் அப்பால, அப்பால என்றுதான் கேட்டாராம், கொஞ்சம் நாகரிகமாக.

எனக்குத்தான் கண்டம். அன்றைக்கு இரண்டு மணி நேரம் காணாமல் போனதற்கு விளக்கம் கேட்டு நாலு பக்கப் படிவம். எந்த முறையில் உதவி அளிக்கப்பட்டது? இதற்கான பயிற்சி எங்கே பெற்றீர்கள்? சான்றிதழை இணைக்கவும். என் பிரெஞ்சு அதற்குப் போதாது. மகளை உட்கார வைத்து நடந்ததைச் சொன்னேன். முனுசாமியில் ஆரம்பித்து, மாப்பிள்ளைச் சாவு வரை. அவள் எழுதாமல் கேட்டுக்கொண்டே இருந்தாள். கடைசியில் தமிழில், தட்டுத் தடுமாறி, "இத நீ எனக்குச் சொன்னதே இல்லையே" என்றாள். நீ கேட்டதில்லையே என்றேன். இரண்டு பேர் சொன்னதும் சரிதான். முறை என்ற இடத்தில் 'கூடவே நடந்தார்' என்றும், பயிற்சி என்ற இடத்தில் 'உப்பளம், மரக்காணம்' என்றும் எழுதினாள். சான்றிதழுக்கு ஒரு கோடு போட்டாள்.

சாயங்காலம் வேலை முடிந்ததும் படிவத்தை மதாம் லெரூவிடம் கொடுத்தேன். மரியாமாவும் பக்கத்தில் நின்றாள், என்னைத் திட்டினால் பதில் பேசுவதற்கு. மதாம் படித்தார். திருப்பி ஒரு தடவை படித்தார். உப்பளம் என்றால் என்ன என்று கேட்டார். சொன்னேன். அந்தப் பெண்கள் என்ன செய்தார்கள் என்று கேட்டார். அதையும் சொன்னேன்.

எங்கள் வார்டில் பெற்றோருக்குச் சேதி சொல்வது டாக்டர். சொல்லிவிட்டு அடுத்த பிள்ளையைப் பார்க்க அவர் போயாக வேண்டும். அவர் போன பிறகு அந்த அறையில் பெற்றோரோடு இருப்பது மதாம் லெரூ. பதினாறு வருஷமாக. முடிந்ததும் கதவைச் சாத்திக்கொண்டு தனியாக வெளியே வருவார்; நேராகக் கணினிக்குப் போவார். நான் அந்த வாசலில் தள்ளுவண்டியோடு எத்தனையோ தடவை நின்றிருக்கிறேன். ஒரு தடவை கூட எனக்குத் தோன்றவில்லை.

அவர் படிவத்தில் முத்திரை குத்தினார். மேல் கோட்டை எடுத்து மாட்டினார். பொத்தான் போடுவதில் மும்முரமாக இருப்பது போலக் குனிந்துகொண்டு, என்னைப் பார்க்காமல் சொன்னார்:

"என் வீடு கால்வாய்க்கு அந்தப் பக்கம், மொசியே. ஏழு கிலோமீட்டர்."

மரியாமா குனிந்து அவர் காலைப் பார்த்தாள்.

"அந்தக் குதிகால் செருப்போட ஏழு கிலோமீட்டர் ஆவாது மதாம். என் அலமாரில தட்டச் செருப்பு இருக்குது, இருங்க, எடுத்துக்கினு வர்றேன்."